மலையகத்தில் ரேவன் இருக்கிறதா? முழுக் கறுப்புக் காகத்தை இனங்காணுவது எப்படி?

கேள்வி இதுதான்: ஹப்புத்தளையில் தம்பேத்தன்ன தோட்டத்துக்கு மேலே, லிப்டன் சீட் போகும் பாதையில், காலைப் பனிமூட்டத்துக்குள் காகம் மாதிரி ஒரு பெரிய பறவை. உடம்பு முழுக்கக் கறுப்பு. சிறகடிக்காமல் காற்றில் மிதந்தது, கனத்த குரலில் கத்தியது. போனில் எடுத்த படத்தைப் பறவை இனங்காட்டும் செயலியில் போட்டதும் 'காமன் ரேவன்' என்று வந்தது. மலையகத்தில் ரேவன் இருக்கிறதா, எங்கே போனால் பார்க்கலாம்?

இல்லை. இலங்கைப் பறவைப் பட்டியலில் ரேவன் என்ற அந்தப் பெரிய கறுப்புக் காகம் கிடையாது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அண்டங்காக்கை. ஆனால் 'பெரும்பாலும்' என்ற இடத்தில் நின்றுவிடாமல் அதைக் களத்திலேயே உறுதிசெய்ய முடியும். எதைப் பார்க்க வேண்டும், எது ஏமாற்றும் என்று தெரிந்திருந்தால் போதும்.

காகக் குடும்பத்தில் இலங்கையில் மூன்று இனங்கள்தான் வாழ்கின்றன. ஒன்று சாம்பல் கழுத்துள்ள ஊர்க்காகம். இரண்டாவது முழுக் கறுப்பான அண்டங்காக்கை. மூன்றாவது இலங்கைக்கு மட்டுமே உரிய நீல மேக்பை. சிவப்பு அலகும் கபில நிறத் தலையும் நீல உடம்புமாக ஈரக் காடுகளில் திரியும் அந்தப் பறவையை யாரும் ரேவன் என்று நினைக்கமாட்டார்கள், ஆகவே அதை இங்கேயே விட்டுவிடலாம். அண்டங்காக்கையின் பெயரில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. சில பட்டியல்கள் அதைக் கோர்வஸ் கல்மினேட்டஸ் என்று தனி இனமாக வைக்கின்றன, சில அதைப் பெரிய அலகுக் காகத்தின் துணையினமாகச் சேர்க்கின்றன. கையேட்டில் ஒரு பெயரும் செயலியில் இன்னொரு பெயரும் இருந்தால் இரண்டு பறவைகள் என்று எண்ண வேண்டாம்.

ரேவன், அதாவது கோர்வஸ் கோராக்ஸ், ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா எங்கும் பரந்து வாழ்கிறது. நமக்கு மிக அருகில் என்றால் வடமேற்கு இந்தியாவின் வறண்ட பகுதிகளும் பாகிஸ்தானும், அப்புறம் இமயத்தின் உயர்ந்த மரமற்ற பகுதிகளும். நுவரெலியாவிலிருந்து அந்த எல்லை 2,000 கிலோமீற்றருக்கு மேல். 'ரேவன் மலைப் பறவை, நமக்கும் மலை இருக்கிறது' என்ற கணக்கு இங்கே செல்லாது. நீலகிரியிலும் ஆனைமலையிலும்கூட அது இல்லை. அங்கேயும் முழுக் கறுப்பாகத் திரிவது இதே அண்டங்காக்கைதான். ரேவன் பருவந்தோறும் நெடுந்தூரம் வலசை போகும் பறவையும் அல்ல. கப்பலேறி வந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. காகங்கள் கப்பலில் பயணம் செய்வது உண்மைதான். ஊர்க்காகம் அப்படித்தான் கிழக்கு ஆபிரிக்காவின் சில துறைமுகங்களுக்கும், 1990களில் நெதர்லாந்தின் ஹூக் வன் ஹொலண்ட் துறைமுகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது துறைமுகக் குப்பையில் பிழைக்கும் பறவை. அப்படி ஒரு ரேவன் வந்தாலும் முதலில் கண்ணில் படப்போவது கொழும்பிலோ காலியிலோதானே தவிர ஹப்புத்தளையில் அல்ல.

இனி அடையாளங்கள். எல்லோரும் முதலில் சொல்வது அளவு, அதுதான் மிக மோசமான சாட்சி. எண்களைப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத்தான் இருக்கிறது: ஊர்க்காகம் 40 சென்ரிமீற்றரை ஒட்டி, அண்டங்காக்கை 48 அளவில், ரேவன் 54 முதல் 67 வரை. ரேவனின் சிறகு விரிவு 115 முதல் 150 சென்ரிமீற்றர், எடை பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல். அண்டங்காக்கை அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். ஆனால் பனிமூட்டத்துக்குள் தூரம் தெரியாது. தூரம் தெரியாவிட்டால் கண் அளவைக் கற்பனை செய்துகொள்கிறது. மங்கலாகத் தெரிவதைத் தூரத்தில் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்ளும், தூரத்தில் இருந்தும் இவ்வளவு பெரிதா என்று வியக்கும். இருபது மீற்றரில் பறக்கும் சாதாரண அண்டங்காக்கை அப்படித்தான் பூதமாகிவிடுகிறது.

அளவைப் பயன்படுத்த வேண்டுமானால் அதே தூரத்தில், அதே நேரத்தில் தெரிந்த பறவை ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். தோட்டப் பக்கம் எங்கும் கிடைக்கும் அளவுகோல் மைனா, 23 முதல் 25 சென்ரிமீற்றர். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அண்டங்காக்கை ஏறக்குறைய இரண்டு மைனா நீளம். ரேவன் இரண்டேகால் முதல் இரண்டேமுக்கால் வரை வரும். இரண்டு காகங்களையும் அருகருகே வைத்துப் பழக மிக வசதியான இடம் லயத்துக் கூரை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக் கூரை. விரத நாளிலும் சனிக்கிழமையிலும் காகத்துக்குச் சோறு வைக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால், எந்தப் புத்தகமும் தராத ஒப்பீடு கண்ணெதிரே கிடைக்கும். அண்டங்காக்கையின் அலகு எவ்வளவு தடிப்பு, ஊர்க்காகத்தின் உடம்பு எவ்வளவு ஒடிசல் என்பதை அங்கே மனதில் பதித்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.

நம்பத்தக்க அடையாளம் வால். காகங்களுக்கு வாலில் பன்னிரண்டு இறகுகள். ரேவனில் நடு இறகுகள் மிக நீளம், வெளியே போகப் போக ஒவ்வொன்றும் படிப்படியாகக் குறையும். ஆகவே வாலை விரித்தால் ஆப்பு வடிவம் தெளிவாகத் தெரியும். அண்டங்காக்கையில் வெளி இறகுகள் சற்றே குட்டை, விரித்த வால் நுனி மெதுவாக வளைந்த விசிறி போல இருக்கும். மடித்த வாலை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இரண்டும் ஒன்றாகவே தெரியும். பறவை வட்டமடித்துத் திரும்பும்போதோ, இறங்கும் முன் வேகத்தைத் தணிக்கும்போதோ வால் முழுதாக விரியும். அந்தக் கணத்தில் கீழிருந்து பார்க்க வேண்டும். ஒரு தடவை போதாது, குறைந்தது இரண்டு மூன்று முறை.

ஏன் ஒரு தடவை போதாது? இறகு உதிர்க்கும் காலம் ஒன்று இருக்கிறது. காகத்தின் வாலில் பொதுவாக நடு இறகுகள் முதலில் உதிர்ந்து முளைக்கும், பிறகு வரிசையாக வெளியே போகும். நடு இறகுகள் வளர்ந்து முடிந்து வெளி இறகுகள் பாதியில் நிற்கும் சில வாரங்களுக்கு, அண்டங்காக்கையின் வாலும் ஆப்பு போலவே இருக்கும். 'வாலைப் பார்த்துவிட்டேன், ரேவன்தான்' என்று வரும் படங்களில் இது முக்கியமான சந்தேகப் புள்ளி. கண்டுபிடிப்பது எளிது: சிறகையும் பாருங்கள். உதிர்க்கும் பறவையில் சிறகின் நடுவில் ஓர் இடைவெளியோ, பக்கத்து இறகுகளைவிடக் குட்டையான இறகுகளோ இருக்கும். பழைய இறகு பழுப்பேறி மங்கியிருக்கும், புதிய இறகு நீல மினுக்குடன் கறுப்பாக இருக்கும். வாலில் இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் குறையாமல் ஒருபக்கம் மட்டும் குட்டையாக இருந்தால், அது உதிர்வுதான், வடிவம் அல்ல.

மிதந்து பறந்தது என்பதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கமாட்டேன். ரேவன் நீண்ட நேரம் சிறகடிக்காமல் மிதக்கும், நடுவானில் புரண்டு தலைகீழாகும், உருளும், ஜோடியாக விளையாடும். எல்லாம் சரி. ஆனால் லிப்டன் சீட், ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவு, எல்லவின் குன்று விளிம்புகள் போன்ற இடங்களில் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலெழும்பி வருகிறது. அந்தக் காற்றில் அண்டங்காக்கையும் சிறகை விரித்து நிற்கும். சிறகடிக்காமல் இருப்பதற்குக் காரணம் காற்று, இனம் அல்ல. விளிம்பைவிட்டுத் தோட்டத்துக்கு மேலே வந்ததும் அதே பறவை சீராகச் சிறகடிக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம். மிதக்கும்போது உருவத்தைப் பாருங்கள்: ரேவனின் தலையும் கழுத்தும் முன்னே நீண்டு தெரியும், சிறகு ஒப்பளவில் நீண்டு ஒடுங்கும். அண்டங்காக்கையின் சிறகு அகலம், நுனி இறகுகள் விரல்விரலாகப் பிரிந்து நிற்கும், உடம்பு அமுங்கித் தடித்த தோற்றம்.

அலகு பலரை ஏமாற்றுகிறது. அண்டங்காக்கையின் அலகு உண்மையிலேயே பெரிது, மேல் விளிம்பு நன்றாக வளைந்தது. இங்கே ஊர்க்காகத்தையே பார்த்துப் பழகியவருக்கு அந்த அலகைப் பார்த்ததுமே 'இது வேறு ஏதோ' என்றுதான் தோன்றும். அலகுக்கு மேலே நெற்றி செங்குத்தாக எழும்பி நிற்பது அண்டங்காக்கையின் வழக்கம், குறிப்பாக இறகைச் சிலிர்த்திருக்கும்போது. ரேவனில் நெற்றி சாய்வாகப் போய் அலகோடு சேரும். தொண்டை இதைவிட நல்ல குறி. ரேவனின் தொண்டையில் நீண்ட, கூரான இறகுகள் தாடி போலத் தொங்கும், கத்தும்போது குச்சம் குச்சமாக விறைக்கும். அண்டங்காக்கையின் தொண்டை வழவழப்பானது. இங்கேயும் ஒரு பொறி: மழையில் நனைந்த அண்டங்காக்கை தலையைச் சிலுப்பும்போது அதன் தொண்டை இறகும் ஒட்டித் திரிதிரியாக நிற்கும். ஈரமான பறவையின் தொண்டையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், காயட்டும்.

குரலைக் கேட்க முடிந்தால் மற்ற எல்லாவற்றையும்விட அது வேகமாக முடிவைத் தரும். ஊர்க்காகத்தின் 'கா கா' மெலிந்தது, மூக்கால் வருவது. அண்டங்காக்கையின் 'க்கா... க்கா...' அகன்றது, தாழ்ந்தது, அடித்தொண்டைக் கரகரப்போடு வருவது. ரேவனின் 'குரோங்க்' அதைவிடத் தாழ்ந்து, வெற்றுப் பானைக்குள் பேசுவதுபோல எதிரொலிப்போடு முடியும். முடிவில் அந்த 'ங்க்' இல்லாத, வெறும் கரகரப்பு ரேவன் அல்ல. அண்டங்காக்கைக்கு ஒரே ஒரு குரல் என்று நினைத்துவிடவும் கூடாது. ஜோடியாக இருக்கும்போது முணுமுணுக்கும், தொண்டைக்குள் தட்டும் ஒலிகள் எழுப்பும், பருந்தைத் துரத்தும்போது வேகமாகக் கத்தும். வழக்கமான 'க்கா' அல்லாத ஒலி கேட்டதாலேயே புதுப் பறவை என்று முடிவுகட்ட வேண்டாம். அது இயல்பாக, தொடர்ந்து கத்தும் குரலுக்குக் காத்திருங்கள். இன்னொன்று: காகக் கூட்டில் முட்டையிடும் குயிலின் குஞ்சும் காகக் குஞ்சைப்போலவே கத்தித் தீனி கேட்கும். கூட்டுப் பக்கத்துச் சத்தத்தை வைத்து இனம் சொல்வது வீண் வேலை.

உண்மையில் மலையகத்தில் ரேவனா இல்லையா என்பதைவிடக் கடினமான கேள்வி, இது அண்டங்காக்கையா ஊர்க்காகமா என்பதுதான். சிரிக்க வேண்டாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் ஊர்க்காகம் புரோட்டெகாட்டஸ் என்ற துணையினம். வடஇந்தியக் காகத்தைவிட இதன் கழுத்துச் சாம்பல் நன்றாகக் கறுத்திருக்கும். இதோடு மழை ஈரமும் பின்னாலிருந்து வரும் வெளிச்சமும் சேர்ந்தால் சாம்பல் மறைந்து முழுக் கறுப்பாகிவிடும். குஞ்சுப் பருவத்தில் அந்தச் சாம்பல் இன்னும் மங்கல். ஆகவே கறுப்பு என்பதை மட்டும் வைத்து அண்டங்காக்கை என்று எழுதினால் பதிவு கெட்டுப்போகும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வருமாறு இடம் மாறி நின்று, பிடரியும் மார்பும் தலையின் கறுப்போடு ஒன்றாகத் தொடர்கிறதா, அல்லது ஒரு பட்டைபோல மாறுகிறதா என்று பாருங்கள். மூட்டத்தில் அதுவும் முடியாவிட்டால் அலகின் தடிப்பும் குரலும்தான் துணை.

இடமும் உதவும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற ஊர்களின் பஸ் நிலையம், சந்தை, குப்பை கொட்டும் இடம் எல்லாம் ஊர்க்காகத்தின் ராச்சியம். மனிதர் குடியிருப்பை விட்டு அது அதிகம் விலகாது. தேயிலை மலை, காட்டோரம், யூக்கலிப்டஸ் தோப்பு, ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளி என்று போகப் போக அண்டங்காக்கைதான், பெரும்பாலும் ஜோடியாகவோ சிறு கூட்டமாகவோ. ஆனால் அது ஊருக்குள் வராது என்றில்லை, லயத்துக்கும் கடைத்தெருவுக்கும் தாராளமாக வரும். இடத்தை முடிவாக எடுக்காமல் சந்தேகத்தைக் குறைக்கும் துணையாக மட்டும் எடுங்கள். சிவனொளிபாதமலைப் பருவத்தில், மார்கழிப் போயா தொடங்கி வைகாசி வெசாக் வரை, நல்லதண்ணியிலிருந்து மேலே போகும் படிக்கட்டோரம் சாப்பாட்டுக் கழிவு குவிகிற இடங்களில் காகங்களைத் தேடிப் பார்க்கலாம்.

காகமே இல்லாத கறுப்புப் பறவைகளையும் கழிக்க வேண்டும். இவற்றில் ஒன்றுதான் கவனத்துக்குரியது: கருங்கழுகு. காட்டு மரங்களின் தலைக்கு மேலே, சிறகே அடிக்காமல் மெதுவாக நழுவிப் போகும் பெரிய கறுப்புருவம் என்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். 70 முதல் 80 சென்ரிமீற்றர் நீளம், ரேவனைவிடப் பெரிது. அலகின் அடியிலும் காலிலும் மஞ்சள், வால் நீளம், சிறகு நுனியில் விரல்கள் நன்றாகப் பிரியும். அண்டங்காக்கைகள் அதைத் துரத்துவது வழக்கம். துரத்துவதும் துரத்தப்படுவதும் ஒரே படத்தில் விழுந்தால் அளவு பற்றிய வாதம் அங்கேயே முடிந்துவிடும். மற்றவை எளிது. ஆண் குயிலுக்குச் சிவந்த கண்ணும் வெளிறிய பச்சை அலகும் நீண்ட வாலும். செண்பகத்துக்குச் செம்பழுப்புச் சிறகு. கரிச்சான் காகத்தில் பாதி அளவு, வால் பிளந்தது. வெள்ளை இறகு கலந்த காகம் புது இனம் அல்ல, இறகில் நிறம் குறைந்த அதே காகம்.

செயலி ஏன் ரேவன் என்றது? மெர்லின் போன்ற செயலிகள் படத்தோடு இடத்தையும் தேதியையும் சேர்த்துத்தான் கணிக்கின்றன. போனில் இடங்காட்டி அணைந்திருந்தாலோ, வாட்ஸ்அப் வழியாக வந்த, இட விவரம் கழன்ற படத்தைப் போட்டாலோ, செயலி உலகம் முழுவதிலும் தேடும். முழுக் கறுப்பு, பெரிய அலகு என்ற இரண்டே தகவலுக்கு உலக அளவில் ரேவன் மிக இயல்பான விடை. இடத்தை 'ஹப்புத்தளை, இலங்கை' என்று கையால் கொடுத்து மறுபடி போட்டுப் பாருங்கள், விடை மாறும். மாறாவிட்டால் படமே நிழலுருவாக இருக்கிறது என்று அர்த்தம்.

நிழலுருவாக வராமல் எடுப்பதற்கு வழி இருக்கிறது. வெள்ளை மூட்டத்தின் முன்னால் கறுப்புப் பறவையை எடுத்தால் கமெரா வெள்ளையைச் சமன்செய்யப் பார்த்துப் பறவையைக் கரியாக்கும். போனில் பறவையின் மேல் விரலால் அழுத்திப் பிடித்து, வெளிச்சக் குறியை மேலே தள்ளுங்கள். கமெரா என்றால் ஒளி ஈட்டை (எக்ஸ்போஷர் கொம்பென்சேஷன்) +1 முதல் +2 வரை கூட்டுங்கள். வானம் வெளுத்துப் போகும், போகட்டும், நமக்கு வேண்டியது இறகு. தொடர் படமாக எடுத்தால் வால் விரியும் கணம் ஏதாவது ஒன்றில் விழும். இருநோக்கி வாங்குவதானால் 8×42 போதும், மூட்டத்தில் அதற்கு மேல் பெரிதாக்குவது மங்கலைத்தான் பெரிதாக்கும். நேரம் காலை ஆறிலிருந்து எட்டரை வரை, மலைச்சரிவில் மேகம் ஏறுவதற்கு முன். தை முதல் பங்குனி வரை வானம் ஒப்பளவில் தெளிவு. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் போவது நேர விரயம், ஊவாப் பக்கம் அப்போது பரவாயில்லை.

குரலைப் பதிய போனை உடம்பிலிருந்து தள்ளி, பறவையை நோக்கி அசையாமல் பிடியுங்கள். காற்று நேராக ஒலிவாங்கியில் அடிக்காமல் முதுகால் மறையுங்கள். குறைந்தது முப்பது விநாடி. முடிவில் இடம், நேரம், பறவை இருந்த தூரம் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிச் சேமித்தால் பிறகு குழம்பாது. சோறு போட்டுக் கூப்பிட்டுப் படம் எடுக்கும் பழக்கம் ஹோர்ட்டன் சமவெளியில் மட்டும் வேண்டாம். அது 1988 இல் தேசியப் பூங்காவானது, அங்கே காகம் கூடினால் அந்த மேட்டிலேயே வாழும் ஓணான்களுக்கும் சிறு பறவைகளின் கூடுகளுக்கும்தான் கேடு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பறவை ஆப்பு வாலோடும் தாடியோடும் 'ங்க்' என்று முடியும் குரலோடும் நின்றால், அதை லேசாக விட வேண்டாம். இலங்கைக்கு அது முதல் பதிவாக இருக்கும், ஆகவே கேட்கப்படும் சாட்சியும் கடுமையாகவே இருக்கும். உதிர்வு இல்லாத வால் விரிந்த படங்கள், பக்கவாட்டில் தலையும் தொண்டையும் தெரியும் ஒரு படம், ஒலிப்பதிவு, அளவுக்கு அருகில் இன்னொரு பறவை. இவற்றைத் திருத்தாமல், வெட்டாமல், அசல் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த உடனே, கையேட்டைத் திறப்பதற்கு முன், நீங்கள் கண்டதை மட்டும் தேதி, நேரம், வெளிச்சம், தூரத்தோடு எழுதி வையுங்கள். புத்தகத்தைப் பார்த்தபின் எழுதினால் புத்தகத்திலுள்ளதும் நினைவில் கலந்துவிடும். பிறகு ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றி, இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கோ சிலோன் பறவைக் கழகத்துக்கோ அனுப்பலாம். அந்த நான்கில் ஒன்றுகூடக் கைவசம் இல்லாவிட்டால் பதிவில் 'அண்டங்காக்கை' என்றே எழுதுங்கள். கழுத்துச் சாம்பலையே சரியாகப் பார்க்க முடியாத மூட்டம் என்றால் 'காகம், இனம் தெரியவில்லை' என்று எழுதினால் போதும், ஈபேர்டில் அதற்கும் இடம் இருக்கிறது.